சேலைன் வேகத்தை நாங்களே கூட்டிக் குறைக்கலாமா?

உப்புவெளி_மகள்:
அம்மாக்கு 68 வயசு, ஹார்ட்டும் கொஞ்சம் வீக். வாந்தி வயித்தோட்டத்தோட வாட்ல இருக்கிறா, நான் துணைக்கு நிக்கிறன். மிஸ்ஸி (தாதி) வந்து துளியை எண்ணி சேலைனை செட் பண்ணிட்டுப் போறா, கொஞ்ச நேரத்தில பாத்தா நிண்டு நிண்டு ஓடுது, அம்மா கையை நிமித்தினா கடகடவெண்டு ஓடுது. பக்கத்து பெட் ஆக்கள் குழாயில வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சில்லை உருட்டி விடுங்க கெதியா முடியும் எண்டு சொல்லுறாங்க, அவங்க அப்பிடித்தான் செய்யிறாங்க. ராவில ஒரு மிஸ்ஸிதான் இவ்வளவு பேரையும் பாக்கிறா, அடிக்கடி கூப்பிட மனசு வருதில்ல. என்ன செய்யட்டும்?

தாதி_அக்கா:
தங்கச்சி, சில்லுல கையே வைக்காதீங்க. டொக்டர் 500 மில்லியை 6 மணித்தியாலத்தில எண்டு எழுதினா, பெரியாக்களுக்குப் போடுற சேலைன் குழாய் செட்ல வழமையா ஒரு மில்லிக்கு 20 துளி, அப்ப 500ஐ 20ஆல பெருக்கி 360 நிமிசத்தால பிரிச்சா நிமிசத்துக்கு 28 வரும், அதைத்தான் மணிக்கூட்டைப் பாத்து எண்ணுறம். அவ்வளவத்தையும் ஒரு மணித்தியாலத்தில விட்டா வீக்கான ஹார்ட்டுக்குத் தள்ள ஏலாது, நுரையீரல்ல தண்ணி தேங்கி மூச்சு முட்டும். அம்மா படுக்க ஏலாம எழும்பி இருக்கப் பாத்தா, புதுசா இருமினா, உடன கூப்பிடுங்க. வயித்தோட்டக்காரருக்கு சில நேரம் போத்தல்ல பொட்டாசியமும் கலப்பம், அது வேகமா ஏறினா இதயத் துடிப்பே குழம்பும், பக்கத்து பெட்டுக்கும் இதைச் சொல்லுங்கோ ப்ளீஸ்.
கை மடிஞ்சாலும் போத்தல் உயரம் மாறினாலும் வேகம் மாறத்தான் செய்யும். அம்மாக்கு நிமிசத்துக்கு எத்தினை துளி எண்டு மிஸ்ஸிட்ட கேட்டு வைச்சு, இடைக்கிட எண்ணிப் பாத்துச் சொன்னா அதுவே எங்களுக்குப் பெரிய உதவி. கூப்பிடக் கூச்சப்படாதீங்க.

கிண்ணியான்:
2017ல இஞ்ச டெங்கு அந்த மாதிரி அடிச்ச நேரம் என்ட தம்பியும் வாட்ல. மணிக்கு மணி மூத்திரத்தை அளந்து எழுதி அதுக்கேத்த மாதிரி சேலைனைக் கூட்டுறதும் குறைக்கிறதும். வாப்பா ஏன் குறைக்கிறீங்க எண்டு கேட்டதுக்கு டொக்டர் சொன்னாரு, டெங்குல 24லருந்து 48 மணித்தியாலம் ரத்தக் குழாயிலருந்து தண்ணி கசியும், பிறகு அதே தண்ணி திரும்பி உள்ள வரும், அந்த நேரம் கூட ஏத்தினா மூச்சுத் திணறும் எண்டு. அந்த மிஸ்ஸிமார் நித்திரை முழிச்சு எழுதின கணக்குலதான் தம்பி தப்பினான், அவங்களுக்கு எண்டைக்கும் துஆ செய்வன்.

உப்புவெளி_மகள்:
நன்றி அக்கா. இப்ப ஊசி போட்ட இடம் வீங்கி, தொட்டா குளிரா இருக்கு. மற்றது போத்தல் முடிஞ்சா காத்து ஏறிடுமோ எண்டு கண்மூடப் பயமா இருக்கு.

தாதி_அக்கா:
வீங்கிக் குளிர்ந்திருந்தா தண்ணி நரம்புக்கு வெளிய போகுது, இதை வாசிச்சு முடிக்க முதல் மிஸ்ஸிட்ட போங்க, கனுலாவை, அதான் கையில ஏத்தியிருக்கிற அந்தச் சின்னக் குழாயை, கழட்டோணும். சிவந்து சூடா நோகிறதெண்டா அது ரத்தக் குழாய் அழற்சி, அதுக்கும் கழட்டத்தான் வேணும். காத்துக்குப் பயப்பிடாதீங்க, மேல தொங்கி ஓடுற சேலைன் முடிஞ்சா குழாய்க்குள்ள தண்ணி ஒரு மட்டத்தில நிண்டுடும். ஆனா ரத்தம் ஏறி உறைஞ்சு கனுலா அடைச்சா அம்மாக்குத் திரும்பவும் குத்தோணும், அதால முடியிறதுக்குக் கொஞ்சம் முந்தியே சொல்லுங்க.

உப்புவெளி_மகள்:
மிஸ்ஸி மற்றக் கைக்கு மாத்திட்டா அக்கா, துளிக் கணக்கையும் ஒரு துண்டில எழுதித் தந்தா. பக்கத்து பெட் ஆக்களுக்கு பொட்டாசியம் விசயத்தை வாசிச்சுக் காட்டினன், அவங்களே போய் மிஸ்ஸியைக் கூட்டி வந்து வேகத்தைச் சரி பண்ணிட்டாங்க.