டிஸ்சார்ஜ் புக்கை விரித்துப் படித்தவர்கள்: முன்னாள் படைவீரர் நல அலுவலக அனுபவங்கள்

கன்னர் மகள், வேலூர் மாவட்டம்

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் பகுதி எங்களுடையது. அப்படியிருந்தும் அப்பா இறந்தபோது என்ன செய்வது, யாரிடம் போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், யாருக்காவது உதவும்.

அப்பா 1962இல், சீனப் போர் நடந்த வருடம், பீரங்கிப் படையில் கன்னராகச் சேர்ந்தார். 17 வருடம் கழித்து நாயக் ரேங்கில் வெளியே வந்தார். 2021 ஜனவரியில் போய்விட்டார். இறப்புச் சான்றைக் கொடுத்ததும் பென்ஷன் நின்றது. அது சரிதான். ஆனால் அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. வங்கியில் கேட்டால், "பென்ஷன் ஆர்டரில் உங்கள் அம்மா பெயரே இல்லையே" என்றார்கள். ஆறு மாதம் அங்கேயே அலைந்தோம். அம்மா ஒவ்வொரு தடவையும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு வருவார். பைக்குள் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் சேவைப் புத்தகம். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சுபேதார் மாமா சொல்லித்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த உதவி இயக்குநர் முதலில் அம்மாவை உட்காரச் சொன்னார். பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். புரட்டவில்லை, படித்தார். அப்பா வாங்கிய மெடல்களின் வரிசையில் விரலை வைத்து, "65, 71 ரெண்டு சண்டையிலும் இருந்திருக்கிறார், இல்லையா அம்மா?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். அப்பா போனதிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை.

குடும்ப விவரம் எழுதிய பக்கத்தில் விஷயம் இருந்தது. அம்மா பெயர் அங்கே பதிவாகியிருக்கிறது, ஆனால் கடைசியில் 'அம்மாள்' இல்லை. ஆதாரில் 'அம்மாள்' இருக்கிறது. பிறந்த வருடத்திலும் மூன்று வருட வித்தியாசம். "பெயர் இல்லாமல் இல்லை. இரண்டு பெயராக இருக்கிறது, அதைத்தான் ஒன்றாக்க வேண்டும்" என்றார். என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்: இரண்டு பெயரும் ஒருவரே என்று தாசில்தார் சான்று, நோட்டரி அஃபிடவிட், இறப்புச் சான்று, ஆதார், பான், அம்மா பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. எல்லாம் சேர்ந்ததும் தன் கடிதத்தோடு, பீரங்கிப் படை வீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் நாசிக் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் அங்கிருந்து ஒரு கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலுவலக எழுத்தர் அதைப் படித்துச் சொல்லி, பதிலும் தயார் செய்து, அம்மா கைரேகை வைத்த இடத்தில் சாட்சியும் போட்டார். அதற்கப்புறம் ஐந்து மாதம். அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டு நிலுவை மொத்தமும் வந்தது.

ஓய்வுபெற்ற சிக்னல்ஸ் ஹவில்தார்

எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், சகோதரி. ஆனால் என்னைப் போல நிறைய பேர் இருப்பார்கள்.

பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஆன்லைன் பென்ஷன் முறைக்கு மாறிய பிறகு, உயிரோடு இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். ரிட்டயர் ஆனதிலிருந்து விவசாயம்தான் பார்க்கிறேன், விரலில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. "பெரியவரே, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரம் மட்டும் ரேகை முளைக்குமா?

நல அலுவலகத்தில் இருந்த ஒரு தம்பி தன் போனிலேயே ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டச் சொன்னார். கண்ணை ஒரு தரம் சிமிட்டினேன், முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு, "அது வந்து சேர்ந்ததா என்று ஸ்பர்ஷில் போய்ப் பார்க்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்" என்று அதையும் திறந்து காட்டினார். மேலும் இரண்டு பேரை அழைத்துப் போய் இப்படியே முடித்துக் கொடுத்தேன்.

மருமகன், திருவண்ணாமலை

என் மாமா 1964இல் இ.எம்.இ.யில், அதாவது ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் பிரிவில், சேர்ந்தவர். 71 போரின்போது பஞ்சாப் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஒன்பது வருடத்தில் குடும்ப நிலைமை சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பதினைந்து வருடம் முடிக்காததால் பென்ஷன் கிடையாது. "பென்ஷன் இல்லாதவன் எக்ஸ் சர்வீஸ்மேனே இல்லை" என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். அத்தை போன பிறகு, பிள்ளைகளும் இல்லாமல், கோயில் அன்னதானத்தை நம்பித்தான் இருந்தார்.

எங்கள் ஊருக்கு வேறு ஒருவரைப் பார்க்க முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் நல அமைப்பாளர் வந்திருந்தார். டீக்கடையில் மாமா உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தே, "ஐயா எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டிருக்கிறார். பேச்சு அங்கே ஆரம்பித்தது.

டிஸ்சார்ஜ் புக் வெள்ளத்தில் போய்விட்டது. மாமாவுக்கு அப்போது 78 வயது. என் போன் நம்பர் அவருக்கு நினைவில் நிற்காது. ஆனால் நல அமைப்பாளர் "ஆர்மி நம்பர் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். கையைத் தொடையோடு ஒட்டிவைத்து, நம்பர், ரேங்க், பெயர், ட்ரேட் என்று ஒரே மூச்சில் சொன்னார். டீ போட்டுக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது.

அந்த நம்பரை வைத்துச் செகந்திராபாத் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினார்கள். நான்கு மாதத்தில் அவர் சேவை செய்ததற்கான ஆவணம் வந்தது. அடையாள அட்டை போட்டார்கள். அப்புறம் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான மத்திய சைனிக் போர்டின் வறுமை நிவாரண உதவிக்கு விண்ணப்பித்தார்கள். ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைத் தாண்டிய முன்னாள் வீரர்களுக்கும், வீரர் இறந்துபோயிருந்தால் அவர்களின் விதவைகளுக்கும் உண்டானது அது. மாமாவுக்கு மாதம் 4,000 கணக்கில் கிடைத்தது. 2025 நவம்பரிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். மாமா முதலில் வாங்கியது ஒரு ஜோடி செருப்பு. அட்டையை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார், தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

தங்கை, தென் மாவட்டம்

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் கணவர் ஹவில்தாராக இருந்து இறந்தவர். மகள் கல்யாண உதவித்தொகைக்கு மூன்று தடவை போனேன். "அந்த சீட் ஆள் லீவு" என்ற ஒரே பதில்தான். கல்யாணம் ஆன 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 160 நாள் போன பிறகு வேறொரு பெண்மணி சொல்லித் தெரிந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். புதன்கிழமை அதே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உதவி கிடைத்தது, நன்றி. ஆனால் ஒரு மனு போட்டுத்தான் ஒரு போன் வர வேண்டுமா என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

முன்னாள் நல அமைப்பாளர்

தங்கை சொன்ன வருத்தம் நியாயம். நான் அந்த வேலையில் இருந்தவன், அதற்கு முன் மெட்ராஸ் ரெஜிமென்ட். நான் இருந்த அலுவலகத்தில் ஆள் குறைவு, மாவட்டம் பெரிது. ஆனாலும் கடைசி நாள் எது என்று சொல்ல ஆள் பலம் தேவையில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கன்னர் மகளுக்கு வந்த சிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. இதுதான் நான் அதிகமாகப் பார்த்தது. அந்தக் காலத்தில் லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டு யூனிட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். சிலர் சொல்லவே மாட்டார்கள். சொன்னாலும், எழுதுகிற கிளார்க் வடக்கத்தியவர், அவர் காதில் விழுந்ததுதான் பெயர். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' என்று வெளியாகி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போக வேண்டும். அந்த ஆர்டர் இல்லையென்றால் ராணுவக் கணக்கில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது என்றால் அவரே கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், வேலை பாதி. போன பிறகு என்றால் அந்த அம்மா ஒவ்வொரு சான்றுக்கும் ஒவ்வொரு படி ஏற வேண்டும்.

எங்கள் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ் பக்கத்தில், நீலகிரி வெலிங்டனில்தான் இருக்கிறது. தாள் சரியில்லை என்றால் வெலிங்டனும் நாசிக் தூரம்தான். அதனால் நான் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர் மூன்றையும் எல்லாத் தாளிலும் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் கவரில் போடுவேன்.

புதிதாகச் சேர்ந்தவர்

இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அப்பாவுக்கு 71 வயது, நன்றாக இருக்கிறார். புத்தகத்தில் அம்மா பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் பிறந்த தேதி எழுத வேண்டிய இடம் காலி. என் தங்கை பெயர் எங்குமே இல்லை. "நீ பொறந்தப்போ நான் லடாக்கில இருந்தேன், லெட்டர் போட்டேனே" என்று அப்பா தங்கையிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். திங்கட்கிழமை மூன்று பேரும் போகிறோம். தங்கையின் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் போதுமா?

முன்னாள் நல அமைப்பாளர்

போதும். ஒரிஜினலோடு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். அம்மாவின் ஆதாரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அப்பாவையே பேச விடுங்கள்.