ஜெபிக்கவே தெம்பில்லாத நாட்களில் கர்த்தர் உங்களை எப்படிச் சந்தித்தார்?

என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பகலில் வேலை, இரவில் அப்பா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். எட்டு மாதம் இப்படியே ஓடியது. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தை நாலு தடவை வாசிப்பேன், ஒன்றும் உள்ளே இறங்காது. ஜெபிக்க முழங்கால் போட்டால் கட்டில் ஓரத்தில் தலை சாய்ந்து அப்படியே தூங்கிவிடுவேன். விழித்ததும் குற்ற உணர்வு பிடுங்கித் தின்னும். சபையில் யாராவது விசாரித்தால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லும். நான் நல்லா இல்லை.

ஒரு நாள் விடியற்காலையில் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "போதும் ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அந்த வாரம் சபையிலிருந்து ஒரு அக்கா வந்தார். வசனம் வாசித்து ஜெபித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப நல்லா தூங்கினே?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். "சரி, நீ போய்ப் படு. அப்பாவை எப்படித் திருப்பணும்னு மட்டும் காட்டிக்குடு, நான் பாத்துக்கறேன்" என்றார். ஏழு மணி நேரம் தூங்கினேன். எழுந்து வந்தபோது அவர் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார். அப்பா வலது கையால் போர்வையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைச் சரியாக வாசித்தேன். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்குப் பதிலாக வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். நான் தரையில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தை! கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொன்னது அந்த இரண்டாம் முறைதான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தமெல்லாம் 40 நாள் நடைக்குப் பிறகு. எத்தனையோ பிரசங்கங்களில் அந்தச் சத்தத்துக்கு முன் வந்த காற்றையும் பூமியதிர்ச்சியையும் பற்றிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தூக்கத்தைக் கவனித்ததே இல்லை.

அப்பா இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். அக்கா வாரம் ஒரு இரவு வருகிறார்.

*

சிஸ்டர், வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆனபோது, "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைச் சொல்லாத ஆளே இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் கேட்கக் கேட்க ஆண்டவர்மேல் எனக்கு விசுவாசமே இல்லையோ என்று பயம் வந்தது. என்னைத் தாங்கினது சங்கீதங்கள்தான். 13-ஆம் சங்கீதம் மொத்தம் ஆறே வசனம், அதில் "எதுவரைக்கும்" என்று நாலு முறை கேட்கிறான் தாவீது. கடைசியிலாவது பாட்டுக்குத் திரும்பிவிடுகிறான். 88-ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமும் இல்லை. துக்கத்தில் தொடங்கித் துக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அதையும் தம்முடைய வேதத்தில் வைத்திருக்கிற தேவனிடம் நான் எதை மறைக்க வேண்டும்? அன்றைக்குத்தான் உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சோர்வு மனஅழுத்த நோயாக மாறியிருந்தது. மனநல மருத்துவரைப் பார்த்தேன், மாத்திரை எடுத்தேன், ஜெபமும் பண்ணினேன். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

*

எனக்கு அந்த அக்காவைப் போல யாரும் வரவில்லை. இதைப் புகாராக எழுதவில்லை, இதை வாசிக்கிற வேறு யாருக்காவது அப்படி இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது யோவான் 4-இல் ஒரு சின்ன வரி. பிரயாணத்தினால் இளைப்படைந்து இயேசு கிணற்றருகே உட்கார்ந்தார் என்று இருக்கிறது. களைத்துப் போய்த் தண்ணீர் கேட்கிறார். என் ஆண்டவருக்குக் கால் வலி தெரியும்! இரவு பாத்திரம் கழுவும்போது இதை நினைத்துக்கொள்வேன். வேறு ஜெபம் வராத நாளில், மாற்கு 9-இல் தன் மகனைச் சுகமாக்கும்படி இயேசுவிடம் வந்த தகப்பன் கதறினதையே நானும் சொல்வேன்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். அவ்வளவுதான் என் ஜெபம், பல மாதங்களாக.

*

சகோதரி, கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள்? எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன். தம்பி, நீங்கள் டாக்டரைப் பற்றி எழுதியதற்கு நன்றி, அது எனக்கும் தேவைப்பட்டது.

மணி மூன்றாகிறது, அப்பாவைத் திருப்ப வேண்டும். உங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டே திருப்புகிறேன்.