ஹீட் ஸ்ட்ரெஸ்: வெப்ப அழுத்தமா, வெப்ப நெருக்கா?

ஐயா,

சூட்டால் செல்கள் படும் பாட்டைக் குறிக்கும் 'ஹீட் ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லுக்குக் கலைச்சொல் பதிவில் 'வெப்ப அழுத்தம்' என்று போடுவது எனக்கு ஒட்டவில்லை. அழுத்தம் என்றதும் படிப்பவர் மனம் பிரஷருக்குப் போய்விடும். பொறியியலார் ஆளும் 'தகைவு' அதைவிடச் சிக்கல். 'வெப்பத் தகைவு' என்றால் வெயிலில் விரியும் தண்டவாளம்தான். 'வெப்ப அதிர்ச்சி' ஹீட் ஷாக்குக்கு நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம்.

டி செல்களை (எச்.ஐ.வி. தொற்றும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) 42 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் அது அதிர்ச்சி. 39.5 பாகை காய்ச்சல் சூடு, எச்.ஐ.வி.-1 பெருக்கம் கூடுவதை அந்தச் சூட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் அடக்க 'வெப்ப நெருக்கு' என்கிறேன். கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன: ஆக்சிஜனேற்ற நெருக்கு (ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்), நெருக்குத் துகள் (ஸ்ட்ரெஸ் கிரான்யூல்), நெருக்கெதிர்வினை (ஸ்ட்ரெஸ் ரெஸ்பான்ஸ்).

*

பதில்: உங்கள் 'நெருக்கு' எனக்குச் சம்மதம். 'நெருக்கடி' என்று நீட்டினால் செய்தித்தாள் வாடை வந்துவிடும்.

ஆனால் பதிவின் விளக்கத்தில் 'வெப்பம் வைரஸ் மரபணுவைத் தூண்டும்' என்றிருப்பதைத் திருத்துங்கள். தூண்டுவது எச்எஸ்எஃப்1 என்ற, மரபணுக்களை இயக்கும் புரதம். ஓய்வில் அது எச்எஸ்பி90 போன்ற துணைப்புரதங்களின் (மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவுபவை) பிடியில் ஒற்றையாகக் கிடக்கும். சூட்டில் மடிப்புக் குலைந்த புரதங்கள் பெருகியதும் துணைப்புரதங்கள் அவற்றைத் தாங்கப் போய்விடுகின்றன. பிடி தளர்ந்த எச்எஸ்எஃப்1 மும்மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் அமர்கிறது. எச்எஸ்பி70 என்ற இன்னொரு துணைப்புரதத்தின் மரபணுவில் நடப்பது இதுதான், எச்.ஐ.வி. மரபணுக்களை இயக்கும் எல்டிஆர் பகுதியிலும் அது அமர்வதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 'ஆக்டிவேஷன்' என்ற இடத்தில் 'முடுக்கம்' போடலாம், 'விடுபடல்' அதற்கு முந்தைய படி. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

இன்னொன்று, 'கூடியது' என்ற சொல். கடும் சூட்டில் செல்லின் பெரும்பாலான மரபணுக்களின் படியெடுப்பு (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பது) தாழும். ஒப்பீட்டுக்கு வைத்த மரபணுவும் தாழ்ந்தால், அசையாத வைரஸ் ஆர்என்ஏகூட ஏறியதுபோல் தெரியும். அதற்குச் 'சார்பு உயர்வு' என்றும், செல் எண்ணிக்கைக்கோ வெளியிலிருந்து சேர்த்த அளவறிந்த ஆர்என்ஏவுக்கோ ஈடாகக் கணக்கிட்டதற்குத் 'தனி உயர்வு' என்றும் பிரித்துவிடலாம். இதே சூடு ஆர்என்ஏ வெட்டி ஒட்டலையும், அதாவது இன்ட்ரான் என்ற இடைத்துண்டுகளை நீக்கி மீதியை இணைப்பதையும், தடுக்கும். எச்எஸ்பி70 மரபணுவில் இன்ட்ரான் இல்லாததால் அது தப்பிக்கும். ஆனால் வைரஸின் படியெடுப்பை முடுக்கும் டாட் புரதத்துக்கான ஆர்என்ஏ வெட்டி ஒட்டினால்தான் உருவாகும். வெட்டாத ஆர்என்ஏவை மட்டும் அளந்து 'வைரஸ் விழித்தது' என்று எழுதுவது அவசரம்.

சூட்டை எங்கே அளந்தார்கள் என்பதும் பதிவில் வேண்டும். காற்று அடைகாப்பானில் குடுவை மெல்லத்தான் சூடேறும். நீர்த்தொட்டியில் சில நிமிடங்களே. பெட்டியின் திரையில் 42 என்று எரியும்போது ஊடகம் (செல்கள் வளரும் திரவம்) இன்னும் 39இல் நிற்கலாம். அப்போது அதிர்ச்சி என்று பெயரிட்டது உண்மையில் காய்ச்சல் சூடு. எனவே 'வெப்ப நெருக்கு' பதிவில் ஊடகத்தின் பாகை, நேரம் இரண்டுக்கும் இடம் விடுங்கள்.