வாடகை வீட்டுக் குளியலறை: பழைய ஜிஐ லைனை முழுக்க மாற்றுவதா, ஒழுகும் இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவதா?

கேள்வி:

வணக்கம். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. கட்டியபோது போட்ட அரை இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்தான் இன்னும் சுவருக்குள் ஓடுகிறது. ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது, காலையில் முதலில் திறந்தால் பழுப்பாக வருகிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் படுக்கையறை. அங்கே தரையிலிருந்து முழ உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்கிறது. ஒரு டேப்பைக் கழற்றி மாற்றினால் சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) அசைந்து வேறு இடத்தில் கசிவு ஆரம்பிக்கிறது. குடியிருப்பவர்களிடம் "இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லக் கூசுகிறது.

ஒழுகும் பக்கம் மட்டும் சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போட்டுப் பழைய லைனோடு சேர்த்துவிடலாம் என்கிறார் பிளம்பர். முழுக்க மாற்றினால் டைல்ஸை உடைக்கவேண்டும், அதே டைல்ஸ் இனிக் கிடைக்காது. ஆட்கள் குடியிருக்கும்போதே இதைச் செய்ய வழி உண்டா?

முதல் பதில்:

பைப்பில் கை வைப்பதற்கு முன் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சப்ளை லைன் கசிவு, தரைக் கசிவு இரண்டுமே சுவரில் ஒரே மாதிரிதான் தெரியும். தவறாகக் கணித்தால் புது லைன் போட்ட பிறகும் பெயின்ட் உதிரும்.

சப்ளை லைனுக்கு: இரவில் எல்லா டேப்பையும், ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் வால்வையும் மூடுங்கள். ஃப்ளஷ் டேங்கை விட்டுவிட்டால் அதன் மிதவை வால்வு வழியாகப் போகும் தண்ணீரும் கணக்கில் சேர்ந்து குழப்பும். மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் பாருங்கள். இறங்கியிருந்தால் லைனில் ஒழுகல்.

தரைக்கு: குடியிருப்பவர்கள் ஊருக்குப் போகும் நாளாகப் பார்த்து, நானி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாய்) டெஸ்ட் பிளக்கால் அடைத்து 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாத்திரத்தில் குறைந்த அளவைவிடத் தரையில் அதிகம் குறைந்திருந்தால் வாட்டர் ப்ரூஃபிங் போய்விட்டது, அல்லது டிராப்பைச் சுற்றியுள்ள ஜாயின்ட் விட்டிருக்கிறது. அப்படியானால் பைப் மாற்றுவது மட்டும் போதாது.

ஜிஐயைப் பொறுத்தவரை பாதி மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். ஜிஐ பைப்பில் மரை (திருகுப் புரி) வெட்டும்போதே அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, பைப்பின் கனமும் குறைகிறது. அதனால் துரு முதலில் தின்பது மரையைத்தான். உங்கள் சுவருக்குள் ஒரு எல்போ அந்த நிலைக்கு வந்துவிட்டது என்றால் அதே வயதுள்ள மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். புதுப் பைப்பை இணைக்க ரிஞ்ச் போட்டுத் திருகும் விசை அப்படியே அடுத்த எல்போவுக்குப் போகும். நீங்கள் சொல்லும் "சரிசெய்தால் இன்னொன்று" என்பதன் காரணம் இதுதான். கூடவே உள்ளே படிந்த துருச் செதில்கள் கழன்று வந்து புது டேப்பின் வலையையும் கார்ட்ரிட்ஜையும் (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்) அடைக்கும்.

இரண்டாம் பதில்:

குடியிருக்கும்போதே செய்யலாம், டைல்ஸையும் உடைக்க வேண்டாம். புது லைனைச் சுவருக்கு வெளியே ஓட்டுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் குளியலறைக்குப் பிரியும் இடத்தில் ஒரு பால் வால்வும் யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வைத்து, வென்டிலேட்டர் பக்கமாக முக்கால் இன்ச் சிபிவிசியை உள்ளே கொண்டுவந்து, மேலாகச் சுற்றி, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் அரை இன்ச்சில் இறக்கினால் போதும். பார்க்கக் கொஞ்சம் அழகு குறையும். ஆனால் வாடகை வீட்டில் நாளைக்கு ஒழுகினால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒழுகுவது பெரிய நிம்மதி.

பழைய லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது லைனை முழுக்கக் கட்டிவிடலாம். தண்ணீரை நிறுத்தவேண்டியது கடைசி இணைப்புக்கு மட்டும். பழைய ஜிஐயைப் பிரியும் இடத்திலேயே வெட்டி அடைக்கவேண்டும். டேப் வாய்களை மட்டும் பிளக் போட்டு விட்டுவிட்டால் சுவருக்குள் தண்ணீர் நின்று கசிந்துகொண்டேதான் இருக்கும்.

கிளாம்ப் 90 செ.மீ.க்கு ஒன்று. பைப்பை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, நகர இடம் வேண்டும். 3 மீட்டர் சிபிவிசியின் வெப்பம் 40 டிகிரி கூடினால் 7 முதல் 8 மி.மீ. வரை நீளும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் வெந்நீர் லைன் வளைந்து ஜாயின்ட்டை இழுக்கும். வெயில் படும் பகுதிக்கு வாட்டர் பேஸ் பெயின்ட் அடியுங்கள், ஆயில் பெயின்ட் வேண்டாம்.

மூன்றாம் பதில்:

மேலே சொன்னது சரி. ஜாயின்ட் விஷயத்தில் பலர் அவசரப்படுவதால் இதைச் சேர்க்கிறேன்.

சிபிவிசிக்கு அதற்கென்று உள்ள சால்வென்ட் சிமென்ட்டையே வாங்குங்கள். பிவிசி பசையை வெந்நீர் லைனில் தடவினால் ஜாயின்ட் நிற்காது. பைப்பை நேராக வெட்டி, உள் பிசிறை வழித்து, வெளி விளிம்பை லேசாகச் சாய்வாக்குங்கள். பசை பூசுவதற்கு முன் ஈரமில்லாமல் துடைத்து பசையில்லாமல் ஒருமுறை செருகிப் பாருங்கள். பைப்பில் தாராளமாகவும் ஃபிட்டிங்குக்குள் மெலிதாகவும் பூசி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருக்கவேண்டும். உடனே கையை எடுத்தால் பைப் மெல்லப் பின்னால் வழுக்கி வரும். வெளியே பார்த்தால் நன்றாக ஒட்டியதுபோல இருக்கும், பாதி ஆழம்தான் பிடித்திருக்கும். ஜாயின்ட்டைச் சுற்றிப் பசை ஒரே சீரான வளையமாகத் தெரியவேண்டும்.

டேப் மாட்டும் இடங்களில் பித்தளை மரை பதித்த எல்போ மட்டுமே போடுங்கள். பிளாஸ்டிக் மரைக்குள் உலோகத்தை முறுக்கினால் அன்றைக்கு நிற்கும், சில மாதத்தில் கீறல் விடும். மரைக்கு டெஃப்லான் டேப் போதும். எண்ணெய் கலந்த பேஸ்ட் எதுவும் சிபிவிசியில் படக்கூடாது, வெடிப்பு உண்டாக்கும்.

கீசரிலிருந்து பிளாஸ்டிக் பைப் நேராகக் கிளம்பக்கூடாது, உலோகக் கனெக்ஷன் ஹோஸ் வைத்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். கீசரின் சேஃப்டி வால்வு வாயைச் சொட்டுகிறதே என்று யாரும் அடைத்துவிடாமல் பாருங்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரம் முடிந்ததும், டேப்களுக்குப் பதில் டம்மி பிளக் போட்டு, மேல் முனையில் காற்றை வெளியேற்றி, கைப் பம்ப்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பாருங்கள். தண்ணீரில்தான் டெஸ்ட். காற்றடித்துச் சோதித்தால் பிளாஸ்டிக் சிதறும், ஆபத்து.

கேட்டவர்:

மிக்க நன்றி. இரவு சோதனையில் தொட்டி மட்டம் இறங்கியது, ஆகவே லைன்தான். வெளியே ஓட்டவே முடிவு செய்கிறேன். ஷவருக்கு மிக்ஸர் வைக்கலாமா? பின்னால் எப்போதாவது டைல்ஸ் மாற்றினால் எதைக் கவனிக்கவேண்டும்?

நான்காம் பதில்:

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். தொட்டி நீர் ஷவருக்கு 10 மீட்டர் மேலே இருந்தால்தான் 1 பார் அழுத்தம். 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். சிங்கிள் லீவர் மிக்ஸர்களும் அகலமான ஷவர் தலைகளும் பல சமயம் அதற்குமேல் கேட்கும். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். சுவருக்குள் புதையும் டைவர்ட்டர் (தண்ணீரை டேப்புக்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு) வேண்டாம். அதன் கார்ட்ரிட்ஜ் சந்தையில் நின்றுபோனால் ஒரு கார்ட்ரிட்ஜுக்காகச் சுவரை உடைக்கவேண்டிவரும். வெளியே தெரியும் வால் மிக்ஸர் என்றால் வாய்களுக்கு மையத்திலிருந்து மையம் 150 மி.மீ., இடப்பக்கம் வெந்நீர். அதே அளவில் வேறு எந்த கம்பெனி மிக்ஸரும் பிறகு உட்காரும்.

டைல்ஸ் மாற்றும் நாளில் லைனைச் சுவருக்குள் கொண்டுபோனால், எல்போ வாய், ஒட்டி முடித்த டைல்ஸின் முகத்தோடு சமமாக வரவேண்டும். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டி அளவெடுங்கள். வாய் உள்ளே போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள்களை (நீட்டுத் துண்டுகளை) ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவார்கள், ஒவ்வொரு மரையும் ஒரு கசிவுக்கு வழி. சுவரை மூடுவதற்கு முன் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு டிரில் போடுபவருக்கு உதவும்.

குளியலறை வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று குடியிருப்பவர்களுக்கு நேரில் காட்டிவிடுங்கள். வீடு சில வாரம் காலியாக இருந்தால் நானி டிராப்பில் நிற்கும் 50 மி.மீ. தண்ணீர் வற்றிச் சாக்கடை வாடை மேலே வரும். அடுத்தவர்கள் வருவதற்கு முன் அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், அதற்காகப் பிளம்பரைக் கூப்பிட வேண்டாம்.