மறு: மறு: "குடியுரிமையற்ற வாக்காளர்" வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவில் குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களிக்கிறார்கள் என்று நடக்கும் சண்டையில் அடிபடும் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம் அல்லவா, அதைப் பற்றி.

> நான்-சிட்டிசன் வோட்டருக்குக் குடியுரிமையற்ற வாக்காளர் என்று போட்டு முடிக்கலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. இரண்டு இடத்தில் உறுத்துகிறது.

ஒன்று, அந்த "அற்ற". குடியுரிமையற்றவர் என்றதும் இலங்கையில் படிப்பவருக்கு 1948 சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்ட மலையகத் தமிழர்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் பேசப்படுகிறவர் அவரல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருக்கும் நம் வீட்டுப் பையனும் அங்கே நான்-சிட்டிசன்தான். அவனுக்குக் குடியுரிமை இருக்கிறது, அது வேறு நாட்டுடையது, அவ்வளவுதான். அதனால் "குடிமக்கள் அல்லாதவர்". கொஞ்சம் நீளம்தான், சரி. "வெளிநாட்டவர்" சுருக்கமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். குடியுரிமை வாங்கி இருபது ஆண்டு ஆனவரையும் ஊரார் வெளிநாட்டவர் என்றுதானே சொல்கிறார்கள், பிறகு அந்தச் சொல்லால் என்ன பயன்?

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். "வாக்காளர்" என்று ஒட்டவைத்த உடனே குற்றம் நடந்து முடிந்ததாக ஒலிக்கிறது. இந்தச் சொல்லுக்குள் மூன்று விதமான ஆட்கள் அடைபட்டிருக்கிறார்கள்: வேறொரு பதிவேட்டோடு ஒப்பிட்டபோது பெயர் மாட்டியவர், குடிமக்கள் அல்லாமலேயே பட்டியலில் ஏறிவிட்டவர், ஏறியதோடு நிற்காமல் போய் வாக்கும் போட்டவர். முதல் ஆளின் கணக்கை மூன்றாம் ஆளின் கணக்காகச் சொல்வதில்தான் பாதிச் சண்டை.

டெக்சஸைப் பாருங்கள். 2019 ஜனவரியில் மாநிலச் செயலர் டேவிட் விட்லியின் அலுவலகம் ஓட்டுநர் உரிமப் பதிவேட்டை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, சுமார் 95,000 பேர் மாட்டியதாகவும் அதில் 58,000 பேர் ஒரு தேர்தலிலாவது வாக்களித்ததாகவும் அறிவித்தது. அதிபர் ட்ரம்ப்பே ட்விட்டரில் அதை எடுத்துப் பேசினார். சில நாளிலேயே சாயம் வெளுத்துவிட்டது. உரிமம் எடுக்கும்போது கிரீன் கார்டைக் காட்டியவர் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ குடியுரிமை பெற்று, முறைப்படி வாக்காளராகப் பதிவு செய்திருப்பார், உரிமப் பதிவேடு மட்டும் பழைய நிலையிலேயே கிடக்கும். ஏறத்தாழ 25,000 பெயர்களை எடுத்துவிடச் சொல்லி மாவட்டங்களுக்கு மாநில அரசே தகவல் அனுப்ப வேண்டியதாயிற்று. ஏப்ரலில் வழக்கு சமரசத்தில் முடிந்தது, மே மாதம் விட்லி பதவி விலகினார். 2012இல் புளோரிடாவிலும் இதே கதை: தொடக்கத்தில் 1,80,000 பெயர், வடிகட்டி 2,600, கடைசியில் நீக்கியது நூறுகூட இல்லை.

எதிர்த் தரப்பை நான் மறைக்கவில்லை. ஓரிகனில் 2024இல் ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் பிழையால், குடியுரிமைச் சான்று காட்டாத 1,200 பேருக்கு மேல் தானியங்கி முறையில் பட்டியலில் ஏறியிருந்தது வெளிவந்தது. ஜார்ஜியா அதே ஆண்டு தணிக்கை செய்து, 82 லட்சம் பெயர்களில் குடிமக்கள் அல்லாதவர் 20 பேர் என்றது. ஆக, பூஜ்யம் இல்லை. ஆனால் கான்சஸ் என்ன செய்தது? பிறப்புச் சான்றோ பாஸ்போர்ட்டோ காட்டினால்தான் பதிவு என்று 2013இல் விதி கொண்டுவந்து 31,000 பேருக்கு மேல் தடுத்தது. 2018இல் அதை ரத்து செய்த நீதிமன்றம், 19 ஆண்டுகளில் பட்டியலில் ஏறிய குடிமக்கள் அல்லாதவர் அதிகபட்சம் 39 பேர் என்று கண்டது. சொல்லாக்கம் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதனால் என் முன்மொழிவு: ஒப்பீட்டில் மாட்டி, இன்னும் சரிபார்க்கப்படாத பெயருக்கு ஐயப்பொருத்தம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத் தமிழில் "பொருத்தம் பார்த்தல்" தயாராகவே இருக்கிறது. பத்துப் பொருத்தமும் சரியாக இருந்தே கல்யாணம் நின்றுபோன வீடுகள் நமக்குத் தெரியும், இங்கே இரண்டை மட்டும் பார்த்துவிட்டுத் தாலி கட்டப் போகிறார்கள்.

இன்னொன்று. 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் மொத்தமாகப் பெயர் நீக்கும் வேலை கூடாது. இதற்கு "அமைதிக் காலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் அதைப் பிரச்சாரம் ஓய்ந்த பிறகு வரும் இடைவெளி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நீக்கத் தடைக்காலம் என்று வைப்போம். மீன்பிடித் தடைக்காலம் தெரிந்த யாருக்கும் விளக்கவே வேண்டாம்: மீனுக்கு 61 நாள், வாக்காளருக்கு 90. (தடை முழுசாகப் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். வர்ஜினியா சுமார் 1,600 பெயர்களை நீக்கியதை 2024 அக்டோபர் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை.)

இப்படி மொத்தமாகப் பெயர் நீக்குவதைச் சொல்லும் "பர்ஜ்" என்பதற்குக் களையெடுப்பு வேண்டாம். களை என்று யார் முடிவு செய்தார்? நம் ஊரில் பழகிய நீக்கலே போதும்.

---

> ஐயப்பொருத்தம் நன்று, தம்பி. ஆனால் "ஐய வாக்காளர்" இன்னும் எளிது அல்லவா? செய்தியாளர் சட்டென்று எடுத்துக்கொள்வார்.

எளிதுதான் ஐயா, அதனால்தான் பயமாக இருக்கிறது. அசாமில் 1997இல் வாக்காளர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் "டி" என்று ஓர் எழுத்தைப் போட்டார்கள், டவுட்ஃபுல் என்பதன் சுருக்கம். வெளிநாட்டவர் தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை அவர்கள் வாக்களிக்க முடியாது. ஐயம் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். நம் சொல்லில் அது இரண்டு பதிவேடுகளைப் பொருத்திய வேலையின் மேல் நிற்கட்டும். வாக்கியத்திலும் "95,000 ஐயப்பொருத்தங்கள் கிடைத்தன" என்று எழுதலாம், "95,000 பேர்" என்று எழுத வராது.

> இறந்தவர் பெயர், இரண்டு மாநிலத்தில் பதிவு, இவற்றுக்கும் இதே சொல்லா?

இல்லை. அவை உறுதியான பிழைகள். பியூ என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் 2012 அறிக்கை, பட்டியலில் இறந்தவர்கள் 18 லட்சம் என்றும், ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பதிவு இருப்பவர்கள் சுமார் 27.5 லட்சம் என்றும் கணக்கிட்டது. பட்டியல் அழுக்காகக் கிடக்கிறது என்று கத்துபவர்கள் அந்த அளவில் சரியாகத்தான் சொல்கிறார்கள், அந்தப் பெயர்களெல்லாம் எழுந்து வந்து வாக்குப் போட்டன என்று சேர்த்துச் சொல்லாதவரை. முன்னதற்கு "காலாவதிப் பதிவு", பின்னதற்கு "இரட்டைப் பதிவு".

மறுப்பு இல்லையென்றால் ஐயப்பொருத்தம், நீக்கத் தடைக்காலம், காலாவதிப் பதிவு, இரட்டைப் பதிவு ஆகிய நான்கையும் ஞாயிறு இரவு விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். ஐயப்பொருத்தத்துக்கு ஒற்று வருமா வராதா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.