மேனிபோல்டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

தொழிற்பயிற்சி ஆசிரியர், கோவை:
வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் மேனிபோல்டை, அதாவது உள்ளே வரும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதியை, கழற்றி, சோதித்து, திரும்ப மாட்டும் பாடம். கேஸ்கெட்டையும் போல்ட்டையும் அப்படியே விட்டுவிட்டேன். மேனிபோல்டு மட்டும் இடிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை:
ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் ‘பல மடி’. பன்மடி என்று வைத்தால் பன்மடங்கு என்றுதான் படிப்பார்கள். நம்மிடம் தூம்பு இருக்கிறதே! சோழர் கால ஏரிகளில் நீர் திறந்துவிட்டது குமிழித்தூம்பு. மலைபடுகடாத்தில் களிற்றுயிர்த் தூம்பு என்றொரு ஊதுகருவி வருகிறது. யானை நெட்டுயிர்ப்பது போல ஒலிப்பது. எஞ்சின் மூச்சிழுக்கும் உறுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? பல் + தூம்பு = பஃறூம்பு. பல் + துளி பஃறுளி ஆனது போல.

பட்டறைக்காரர், மதுரை:
ஐயா, பஃறூம்பை எங்கள் பட்டறைப் பையனிடம் வாசிக்கக் கொடுத்தேன். தும்மல் வருகிறதா என்று கேட்டான். எங்கள் வீட்டில் தூம்பு என்றால் சாக்கடை போகிற வழி.

அது கிடக்கட்டும், போல்ட்டு வரிசை கையேட்டில் இருக்கிறதா? தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து. இஷ்டத்துக்கு முறுக்கினால் மேனிபோல்டு ஹெட்டோடு ஒட்டும் முகம் வளைந்து, இடுக்கு வழியாகக் காற்று திருடும், ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) எகிறும். கழற்றியதும் ஹெட்டின் (சிலிண்டர்களுக்கு மேல்மூடி) துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை வாஷர் உள்ளே விழுந்து, ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிட்டது.

பொறியாளர், சென்னை:
பகிர்குழாய்? வரும் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பகிர்கிறது. எல்லாருக்கும் புரியும்.

பட்டறைக்காரர், மதுரை:
எக்ஸாஸ்டு பக்கமும் மேனிபோல்டு உண்டே சார். அது எதைப் பகிர்கிறது? நாலு வழிப் புகையையும் ஒன்றாகச் சேர்க்கிறது.

பொறியாளர், சென்னை:
சரி, வாபஸ்.

புவியியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:
ஆற்றிலிருந்து பிரிவது கிளையாறு, வந்து சேர்வது துணையாறு. அப்படியே உள்ளே கிளைக்குழாய், வெளியே துணைக்குழாய் என்று வைக்கலாமே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை:
அம்மா, துணைக்குழாய் என்றால் உபரிக் குழாய் என்று கொள்வார்கள். கிளைக்குழாயோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. தூம்பைச் சாக்கடையில் விட்டது நம் குற்றம், தூம்பின் குற்றமில்லை.

தொழிற்பயிற்சி ஆசிரியர், கோவை:
வியாழன் இரவு 11 மணி. கிளைக்குழாய்க்கு மூன்று பேர். மதுரை அண்ணன் மேனிபோல்டே போதும் என்கிறார். ஆகவே ‘உள்ளிழுக் கிளைக்குழாய்’, ‘வெளியேற்றுக் கிளைக்குழாய்’. முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே மேனிபோல்டு என்றும் போட்டுவிடுகிறேன். போல்ட்டு வரிசையைக் கட்டம் கட்டிச் சேர்த்துவிட்டேன். துணி அடைப்பதும் இருக்கிறது. முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பும் இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்ப்பது முன்பே இருந்தது. அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை:
வினைத்தொகையில் ஒற்று மிகாது. இரண்டிலும் ‘கிளை’க்கு முன்னால் நிற்கும் ‘க்’கை எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். என் வாக்கு பஃறூம்புக்கே.