மாற்றலுக்கு முன் மலையேறிய எங்கள் ஃபாதர்

பழைய பி.டி. வாத்தியார்:

எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆரல்வாய்மொழிக்குக் கொஞ்சம் தள்ளி, கோட்டாறு மறைமாவட்டம். பங்குச் சாமியாருக்கு மாற்றல் வரப்போகிறது என்றால் ஆர்டர் வருவதற்கு முன்பே ஊருக்கு வாசனை தெரிந்துவிடும். ஞானஸ்நானப் பதிவேடு தூசி தட்டப்படும், கணக்கு நோட்டு பங்குப்பேரவைச் செயலாளர் வீட்டுக்கும் சாமியார் பங்களாவுக்குமாக அலையும். இந்த ஃபாதர் விஷயத்தில் மட்டும் அப்படி எதுவும் தெரியவில்லை. எங்களுக்குச் சந்தேகம் வந்தது அவர் கால் முட்டில் கட்டியிருந்த துணிப்பட்டையைப் பார்த்துத்தான்.

ஐம்பதை நெருங்கியவர். புல்லட்டை விட்டு இறங்கமாட்டார். கோயிலுக்கு நாலு வீடு தள்ளி அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) என்றாலும் வண்டிதான். அப்பேர்ப்பட்டவர் பொங்கல் கழிந்த கையோடு, காலைப் பூசை முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு டிராக் பேன்ட்டோடு காற்றாடி மலைக்குப் போக ஆரம்பித்தார். கிறிஸ்தவராக மாறிய தேவசகாயத்தை 1752இல் சுட்டுக் கொன்ற இடம். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததிலிருந்து கூட்டமும் அதிகம். செபம் செய்யப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். செபத்துக்கு எதற்கு முதுகில் மணல் பை?

ஊர் சும்மா இருக்குமா. “சட்டையைக் கழற்றப் போறார் போல”, அதாவது சாமியார் பட்டத்தையே விடப்போகிறார் என்று டீக்கடையில் ஒரு கட்சி. “சுகர் வந்திருக்கும்” என்று இன்னொரு கட்சி. ஒருநாள் அவரே இடது காலை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “சார், ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கும்போதுதான் உயிர் போகுது.” அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அருணாசலப் பிரதேசத்தில் மியாவ் மறைமாவட்டத்துக்குச் சில வருடம் பணிக்குப் போக ஆயரிடம் கேட்டிருந்தார், சம்மதமும் கிடைத்துவிட்டது. அங்கே மலைக்குள் இருக்கும் சில ஊர்களுக்கு நடைதான்.

ஏற மூச்சு வேண்டும், இறங்கத் தொடை வேண்டும். இறங்கும்போது தொடைத் தசைதான் உடம்பின் பாரத்தைப் பிடித்துப் பிடித்து விடவேண்டும். அந்தத் தசைக்கு வலு இல்லை என்றால் அடியெல்லாம் முட்டுக்குப் போய்ச் சேரும். முதல் வேலையாக மணல் பையை இறக்கிவைக்கச் சொன்னேன். மணிக்கூண்டுப் படியில் ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. சாதாரணப் பயிற்சிகள்தான். வலி நின்ற பிறகே பையைத் தொடவிட்டேன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

தவக்காலம் வந்ததும் மலைக்குப் போக நேரமில்லை. அதனால் பையை மாட்டிக்கொண்டே வீடு சந்திக்கக் கிளம்பினார். குளத்துக்கு அந்தப்பக்கம் வரப்பு வழியாகத்தான் போகவேண்டும், புல்லட் போகாது. அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டி இவரைப் பார்த்ததும், “வழி தப்பி வந்துட்டீங்களா சாமி?” என்று கேட்டாராம். ஃபாதரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பையை வந்த வருடமே மாட்டியிருக்கக் கூடாதா? நேரிலும் சொல்லிவிட்டேன். “நியாயம்தான் சார்” என்றார், அவ்வளவுதான்.

பாடகர் குழு செவிலி:

வாத்தியார் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தத் தவக்காலம் முழுக்க ஃபாதர் ஒருசந்தி இருந்தார். ஒரே நேரச் சாப்பாடு, அதோடு இந்த நடை. பெரிய வெள்ளியன்று வெயிலில் சிலுவைப் பாதை, பதினான்கு தலங்களில் பதினோராவதில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பி.பி. பார்த்தேன், நன்றாக இறங்கியிருந்தது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்து, “திருச்சபை கட்டாயமாகக் கேட்கிற நோன்பு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான் ஃபாதர், மத்த நாளெல்லாம் உங்க கணக்கா?” என்று கேட்டேன். உபதேசியாருக்கு என்மேல் கோபம், சாமியாரிடம் இப்படியா பேசுவது என்று. பேசாமல் என்ன செய்ய? மறுநாளிலிருந்து முட்டையும் கடலையும் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று சமையல்கார அக்கா சொன்னார்.

அசாம் ரைபிள்ஸ் ஓய்வு:

அந்தப் பக்கம் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு என்னையும் தேடி வந்தார். மியாவிலிருந்து விஜயநகர் 157 கிலோமீட்டர். நடுவில் நம்தாபா காடு, 1983 முதல் புலிகள் காப்பகம். எங்கள் காலத்தில் ஜனங்கள் அதை நாள்கணக்கில் நடந்து கடந்தார்கள். உப்பு மூட்டைகூட முதுகில்தான் போகும், அதனால் அங்கே உப்பு விலை கேட்டால் நம்மூர்க்காரருக்குத் தலைசுற்றும். ஓய்வுபெற்ற எங்கள் படைக் குடும்பங்களை 1960களில் குடியமர்த்திய ஊர் விஜயநகர். லிசு பழங்குடி மக்களும் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள்.

ஃபாதர் விலையுயர்ந்த ஷூ ஒன்றைக் காட்டினார். நல்ல ஷூதான். ஆனால் காற்றாடி மலை காய்ந்த பாறை. அங்கே சேறு, வழுக்குப் பாசி, ரத்தம் உறிஞ்சும் அட்டை. காய்ந்த பாறையில் எவ்வளவு பழகினாலும் சேற்றில் கால் வைப்பது வேறு. வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்போது பையோடு வரப்பில் நடக்கச் சொன்னேன். முதல் நாளே விழுந்தார், பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக் கைதட்டினார்கள். பேன்ட் காலை சாக்ஸுக்குள் விட்டுக் கட்டவும், அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் நெம்பி எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். அருணாசலுக்குள் நுழைய வேண்டிய இன்னர் லைன் பெர்மிட் வேலையை முன்கூட்டியே முடிக்கச் சொன்னதும் நான்தான்.

பழைய பி.டி. வாத்தியார்:

பை எவ்வளவு கனம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்: கடைசியில் பன்னிரண்டு கிலோ, அதற்குமேல் நான் விடவில்லை. பூசைச் சாமான் பெட்டியைத் தனியாகக் கையில் தூக்கிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் இறக்கத்தில் கம்பு ஊன்ற முடியும், அதனால் அதையும் பைக்குள்ளேயே வைத்துக் கட்டவைத்தேன். வழியனுப்புக் கூட்டத்தில் பங்குப்பேரவை ஒரு குத்துவிளக்கு பரிசளித்தது. பித்தளை, எப்படியும் நாலு கிலோ இருக்கும். அது இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.